சீதன வாப்பா

நிந்தவூரில் மூன்று பொம்புளப் புள்ளைகளின் வாப்பாவைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. வாசலில் மணல் கும்பி, சாரத்து மடியில் அளவு நாடா, மொட்டை மாடியில் மூன்றாவது மகளுக்காக வானத்தைப் பார்த்து நிற்கும் துருக் கம்பி. எங்கள் கரையில் வீடு வளவு மகளுக்குத்தான்; மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவார். அதனால் தாஜ்மகாலைக் காட்டினாலும் இந்த வாப்பாமார் கேட்பது ஒன்றுதான்: "முடிக்க எவ்வளவு போயிருக்கும்?"

அப்படியொரு காக்காவைப் போயா லீவில் அப்புத்தளைக்கு வேனில் ஏற்றிப் போனோம், அடிஷம் பங்களா பார்க்க. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல், கென்டில் உள்ள லீட்ஸ் கோட்டைச் சாயலில் கட்டிய கருங்கல் மாளிகை. தான் பிறந்த ஊரின் பேரையே அதற்கு வைத்தார். பிள்ளைகள் ரோசாப் பாத்திக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே படம் பிடிக்க ஓடினார்கள். காக்கா சுவரைத் தட்டிப் பார்த்தார். கதவில் பெருவிரல் நகத்தால் கீறப்போனவரை மருமகன் கையைப் பிடித்து நிறுத்தினான். பர்மாத் தேக்கு என்று கேட்டதும் அவர் முகம் வாடியது. ஊரில் ஒரு நிலைக்கு மரம் வாங்கவே அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

வரவேற்பறையையும் நூலகத்தையும்தான் பார்க்க விடுவார்கள். காக்காவுக்கு அது போதாது. "குசினி எந்தப் பக்கம்? அட்டாச் பாத்ரூம் எத்தின?" புத்தக அலுமாரி ஓரமாக எட்டு வைத்து நடந்து அடிக்கணக்குப் போட்டார். "இதுக்கு நடுவால ஒரு சுவர் எழுப்பினா ரெண்டு குடும்பம் தாராளமா இரிக்கும். மூணாவதுக்கு அந்தப் பூந்தோட்டத்த எடுத்தாச் சரி."

இப்போது அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஜாம் அங்கேயே விற்பனைக்கு உண்டு. காசு கொடுக்கும்போது காக்கா மெல்லக் கேட்டார்:

"பாதர், ஒங்களுக்குப் பொம்புளப் புள்ளைகள் எத்தின?"

"நாங்க கலியாணம் முடிக்கிறதில்லைங்க."

காக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? சீதனம் குடுக்கத் தேவல்லாத ஆக்களுக்குத்தான் அல்லாஹ் இவ்வளவு பெரிய ஊட்டக் குடுக்கான்!"

வேனில் ஏறியதும் வீட்டுக்குப் போன் எடுத்தார். "ஓம், பாத்தன். கல்லு ஊடு, வளவும் பெரிசு. ஆனா கீழ டைல்ஸ் இல்ல, வெறும் பலகதான். மாப்பிள்ள ஊட்டாக்கள் ஒத்துக்கொள்ள மாட்டாங்க."