எருமைக்கு ஏது இறக்கை?

நல்ல சிக்கன் விங்ஸ் தேடி ஊரிலுள்ள ஓட்டல் எல்லாம் ஏறி இறங்கிவிட்டேன். எல்லா மெனுவிலும் ‘பஃபலோ விங்ஸ்’! எருமைக்கு ஏதய்யா இறக்கை?

எருமைக்கு இல்லை, ஊருக்கு இருக்கிறது! நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்றொரு நகரம். சூப்புக்குப் போகிற இறக்கையை 1964-ல் பொரித்தெடுத்து, வெண்ணெய் கலந்த கார சாஸில் புரட்டியவர் அங்குள்ள ‘ஆங்கர் பார்’ மதுக்கடையின் தெரசா பெலிசிமோ என்பார்கள். ‘நான்தான் முதல்’ என்று அதே ஊர் ஜான் யங் என்பவரும் உரிமை கொண்டாடினார். (கோழிக்கே இரண்டு இறக்கை, கதைக்கு இருக்கக்கூடாதா?) 1977-ல் நகர மேயர் ஜூலை 29-ஐ ‘சிக்கன் விங் தினம்’ என்றே அறிவித்துவிட்டார். அங்கே போனால் வெறும் ‘விங்ஸ்’ என்று கேளுங்கள். ‘பஃபலோ’ சேர்த்தால் வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அது இருக்கட்டும். இறக்கை தின்று ஏறிய எடையை எப்போது இறக்கப் போகிறீர்கள்?