மோதரம் போட்ட கைக்கு நோட்டீஸ்

வா மாப்ள, உக்காரு. திண்ணையில இந்தக் கோடிக்கு வா. எங்கய்யன் காலத்துத் திண்ணை, எம்புட்டு மழை பேஞ்சாலும் ஈரம் ஏறாது. நீ புது ஊட்ல இருந்து வர்றவன், காஞ்ச எடத்துல உக்காந்து நாளாயிருக்கும்.

எல்லாம் கேள்விப்பட்டேன். ஆசாரத்துல ஒழுகுது, படிக்கட்டோரம் விரிசல், பாத்ரூம் செவுத்துல உப்புப் பூத்திருக்குது. நீயும் சும்மா இருக்கல. காண்ட்ராக்டருக்குப் போனைப் போட்டு வஞ்சிருக்கே. அவன் எடுக்கலைன்னதும் அவனோட போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வெச்சு, "திருடன்"னு கீழ எழுதியிருக்கே. நீ அவன் மேல கேசு போடறதுக்கு முந்தி அவன் உன்ற மேல மானநஷ்டக் கேசு போடட்டும்னு வழி விட்டிருக்கே பாரு, அந்தத் தாராள மனசு உங்கம்மா வழியில வந்தது. மொதல்ல அதை அழி.

"லைசென்ஸ் இருக்கற ஆளு மாமா"ன்னு அன்னிக்கு மார்தட்டுனியே, அது என்ன லைசென்ஸுன்னு பாத்தியா? போர்டைப் பாத்தே. போர்டு எழுத லைசென்ஸ் வேண்டியதில்ல. கரண்டு வேலை எடுக்கறவனுக்குத் தனி லைசென்ஸ் உண்டு. ப்ளான்ல கையெழுத்துப் போடற இன்ஜினியருக்குப் பதிவு உண்டு, 2019-ல வந்த கட்டட விதியில இருக்குது. அப்ரூவல் ப்ளானை எடுத்து அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு பாரு. அவனோடதா இருந்தா, பதிவு குடுத்த ஆபீசுக்கு ஒரு மனு எழுது. முகமே பாக்காத எவனோ போட்டதா இருந்தா, அவனையும் எதிர்க்கட்சியாச் சேக்கலாமான்னு வக்கீலக் கேளு. ஆனா ஒண்ணு, அவன்ற பதிவைப் பறிச்சா உனக்கு மனசு குளுரும், ஆசாரம் ஒழுகறது நிக்காது. காசு வர்ற வழி வேற.

அதுக்கு முந்தி, ஏன் ஒழுகுதுன்னு தெரியோணுமில்ல? நீ பெங்களூர்ல உக்காந்து வீடியோ காலுல ஊடு கட்டுனவன். அவன் ஓஸைப் புடிச்சு ரூஃபு மேல தண்ணி அடிக்கறதைக் காட்டுனான், நீயும் கட்டைவெரலைத் தூக்கிக் காட்டுனே. போனை வெச்சதும் அவன் ஓஸையும் வெச்சுட்டான். சாதா சிமெண்டுன்னா குறைஞ்சது 7 நாள், இப்பக் கடையில கிடைக்கற சாம்பல் கலந்த சிமெண்டுன்னா 10 நாள் கான்கிரீட்டு ஈரமா இருக்கோணும்னு ஐ.எஸ். 456-ங்கற விதி சொல்லுது. பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தோணும். அப்பறம் ரூஃபுக்குக் கீழ நிக்கற முட்டு. 4.5 மீட்டர் அகலம் வரைக்கும் 7 நாள், அதைத் தாண்டுனா 14 நாள் முட்டு நிக்கோணும். உன்ற ஆசாரம் 16 அடி, நாலரை மீட்டருக்கு மேல போகுது. ஒம்பதாம் நாளே பலகையைப் பிரிச்சு அடுத்த சைட்டுக்கு வண்டியேத்திட்டான்னு எதுத்த ஊட்டுக்காரி சொல்றா. அவளைப் பகைச்சுக்காத, சாட்சிக்கு வேணும்.

காசு குடுத்த கதையைத்தான் என்னால தாங்க முடியல. பேஸ்மென்ட்டுக்கு, லிண்டலுக்கு, ரூஃபுக்கு, பூச்சுக்குன்னு பிரிச்சுக் குடுத்ததெல்லாம் சரி. நூத்துக்கு அஞ்சாவது பிடிச்சு வெச்சு, ஒரு ஐப்பசி கார்த்திகை மழை தாண்டுனதுக்கு அப்பறம் குடுக்கோணும். நீ கிரகப்பிரவேசத்தன்னிக்கே கணக்கைத் தீத்து, வேட்டி துண்டு வெச்சு, ஒறம்பர முன்னால அவன் வெரலுக்கு மோதரமும் போட்டு உட்டே. காக்காசு பாக்கி வெக்காதவன் போனை அவன் எதுக்கு எடுக்கறான்?

செரி, ஆனது ஆச்சு. உன்ற மச்சான் வாட்டர்ப்ரூஃப் டப்பாவோட மாடியேறப் போறானாமே, இறங்கச் சொல்லு. பூசுனா ஒழுகறதும் மறையும், கேசும் மறையும். காரை பேந்து தலையில விழற மாதிரி இருந்தா மட்டும், போட்டோ எடுத்து வெச்சுட்டுத் தட்டி உடு. அவனுக்கும் உனக்கும் சம்பந்தமில்லாத இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டியா. இன்ன நாள் பாக்க வர்றாங்க, நீயும் வான்னு காண்ட்ராக்டருக்கு எழுதி அனுப்பு. அவன் வரமாட்டான், வரலைங்கறதும் உனக்குச் சாட்சிதான். மாடித் தண்ணிக்குழாயை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பாக்கட்டும். என்ன கோளாறு, எதனால வந்துது, சரி பண்ண எவ்வளவு ஆகும், இந்த மூணும் அந்த அறிக்கையில இருக்கோணும். "அவன் அயோக்கியன்"னு அதுல எழுதச் சொல்லாத, அது இன்ஜினியரோட வேலையில்ல.

அப்பறம் நோட்டீஸ். முந்தி ரிஜிஸ்டர் தபால்னு ஒண்ணு இருந்துது, இப்ப அதை ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க. வாங்குனதுக்கு அத்தாட்சி வர்ற மாதிரி அனுப்பு. ஒப்பந்தம், பேங்க் கணக்கு, அவன் அனுப்புன மெசேஜு எல்லாத்தையும் சேத்து வை. ரொக்கமாக் குடுத்ததுக்கு ரசீது இருக்குதா? தலையைச் சொறியறியே, அப்ப இல்ல.

ஊடு கட்டித் தர்றதும் சேவைதான்னு 1993-லயே நுகர்வோர் சட்டத்துல சேத்துட்டாங்க, 2019 சட்டத்துலயும் இருக்குது. நீ குடுத்தது 26 லட்சம். 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையமே போதும். 20-க்கு மேல 50 லட்சம் வரைக்கும் கட்டணம் 1,000 ரூவா, மோதரத்துல பாதிச் செய்கூலி கூட வராது. வக்கீல் இல்லாம நீயே பேசலாம். குடியிருக்கற ஊர்லயே போடலாம்னும் சட்டம் சொல்லுது, ஆனா பெங்களூர்ல போட்டுட்டு உன்ற மொட்டமாடியை அங்கிருந்தே எட்டிப் பாருங்கன்னு கேக்காத. இங்கயே போடு. எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறியா? வாய்க்காத் தகராறுல வக்கீல் ஆபீசு பெஞ்சைத் தேச்சவனுக்கு இதெல்லாம் தானா வரும்.

கெடு 2 வருஷம். மொத ஒழுகல் எப்பக் கண்டியோ அன்னிக்கிருந்தே எண்ணிக்கோ. "அடுத்த வாரம் ஆளு அனுப்பறேன்"னு அவன் சொல்லிட்டிருக்கறதுக்கெல்லாம் கெடு நிக்காது, அவனுக்கும் அது தெரியும். கேசை மூணு மாசத்துல முடிக்கோணும், சோதனை வேணும்னா அஞ்சு மாசம்னு சட்டத்துல எழுதியிருக்குது. நீ ரெண்டு தீவாளிக்குத் துணிஞ்சு இரு.

போலீசுக்குப் போனா சிவில் மேட்டருன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க. ரெராங்கற ரியல் எஸ்டேட் சட்டத்துல 5 வருஷ உத்தரவாதம் இருக்குதேங்காத, அது மனையும் ஊடும் வித்தவனுக்கு. உன்ற சொந்த மனையில கட்டுனவனுக்கு அது பொருந்தாது.

நோட்டீஸ் போனதும் பாரு, போனை எடுக்காதவன் வெத்தலை பாக்கோட வருவான். "அண்ணா, நமக்குள்ள எதுக்குங்க கோர்ட்டு"ம்பான். நீ உருகிராத. என்ன வேலை, எந்தச் சரக்கு, எத்தனை நாள், இன்ஜினியர் பாத்துச் சரின்னு சொல்றது, ஒரு மழைக்காலத்துக்குப் பொறுப்பு, எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கு. செஞ்சான்னா போகட்டும், அவனும் புள்ளகுட்டிக்காரன். தேதியைத் தள்ளுனா அந்தக் காயிதத்தையும் கேசுல சேரு. இனிமேலும் ஒரு சால்வை போர்த்தறேன்னு கடைக்குப் போயிராத, அவ்வளவுதான்.

இந்தா பேனா. பொழுது சாயறதுக்குள்ள நோட்டீஸை எழுதிக் கொண்டா, நான் படிக்கிறேன். உன்ற கோவம் ஒரு வரி அதுல தெரிஞ்சாலும் கிழிச்சுப்போட்டு மறுக்கா எழுத வெப்பேன்.