பொட்டல் வெற்றி: ஒரு காரண காரிய விசாரணை

நிரை கவர்வதற்கு வெட்சி, மதிலை வளைப்பதற்கு உழிஞை, வென்றவனுக்கு வாகை என்று புறத்திணை வகுத்த முன்னோர் தோற்றவனுக்கென்று ஒரு பூவும் ஒதுக்காமல் போய்விட்டார்கள். இலக்கணத்தின் இந்தக் குறையைத் தனியொரு ஊராக நின்று நீக்கியது எங்கள் ஊர்க் கிரிக்கெட் டீம். சிவகங்கைச் சீமையின் பொங்கல் டோர்னமெண்டுகளில் முதல் ரவுண்டிலேயே வெளியேறுவதைத் தனித் துறையாகவே வளர்த்து, அதற்கு உரையும் விளக்கமும் எழுதிய டீம் இது. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று ஜெயித்துவிட்டார்கள். ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தோல்வி பற்றிய பழைய கொள்கைகளைப் பார்த்துவிடுவோம். டீக்கடை பெஞ்சில் உருவான இக்கொள்கைகளை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதலாவது வெயில் கொள்கை. பிட்சை வடக்கு தெற்காகப் போடுவதுதான் உலக வழக்கம். எங்கள் பொட்டலில் வரப்பு போகிற போக்கில் பிட்ச் போகிறது. ஆகவே சாயங்காலம் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கிறது. சிரிக்காதீர்கள். 2019 ஜனவரி 23ல் நேப்பியரில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடிய ஒருநாள் போட்டியை இதே காரணத்துக்காகத்தான் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். அங்கேயும் பிட்ச் கிழக்கு மேற்குதான். (அன்றைக்கும் இந்தியா ஜெயித்தது என்பதைப் பெஞ்சுக்காரர்கள் சொல்வதில்லை.)

இரண்டாவது காற்றுக் கொள்கை. விதிப்படி கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை இருக்கவேண்டும். நாங்கள் ஆடும் டென்னிஸ் பந்து அறுபது கிராம்கூட வராது. மேல்காற்று எழும்பினால் சிக்சர் என்று தூக்கியது அடித்தவன் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். இது இயற்பியல்; மறுக்க முடியாது. ஆனால் காற்று எதிரணிக்கும் அடிக்குமே என்று கேட்டவனை யாரும் இரண்டாம் டீக்கு அழைக்கவில்லை.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மூத்த கொள்கை: "அம்பயரு அவங்கூரு ஆளு, நாம என்ன மாப்ள செய்ய?" டெஸ்ட் போட்டியில் இரு அம்பயர்களும் மூன்றாம் நாட்டவர் என்ற ஏற்பாடே 2002ல்தான் வந்தது. பொட்டலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. பேட்டிங் செய்யும் டீமில் சும்மா இருப்பவன்தான் அம்பயர். அதனால்தான் எல்பிடபிள்யூவை ஊர்கள் பேசிவைத்து ஒழித்திருக்கின்றன. ஒழிக்காத ஊர்களில் திருவிழாவே நின்றுபோயிருக்கும்.

காத்திருப்பு ஒன்றும் எங்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. 1932ல் டெஸ்ட் ஆடப் புறப்பட்ட இந்தியா 1952ல்தான் முதல் வெற்றியைக் கண்டது. சேப்பாக்கத்தில் வினு மன்கட் இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 12 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை இன்னிங்ஸ் தோல்விக்குத் தள்ளினார். நியூசிலாந்து 1930ல் தொடங்கி 1956 வரை இருபத்தாறு வருஷம் பொறுத்தது. அவர்களுக்கெல்லாம் வாரியம் இருந்தது, படியளந்தது. எங்களுக்கு இருந்தது சந்தா பாக்கி.

இனி வெற்றி. கடைசிப் பந்து, எதிரணிக்கு மூன்று ரன் வேண்டும். பந்து மேலே எழும்பியதுமே மைக் செட்டில் அவர்களை அடுத்த ரவுண்டுக்கு வாழ்த்தி முடித்துவிட்டார்கள். கருவேலமர நிழலுக்காகவே பவுண்டரியில் நின்றுகொண்டிருந்த எங்கள் ஆள் தற்காப்புக்காகக் கையை உயர்த்தினான். பந்து உள்ளே இருந்தது. அவன்தான் அதைக் கடைசியாகக் கவனித்தவன்.

அன்றிரவே காரணங்கள் கிளம்பின. அய்யனாருக்கு நேர்ந்துகொண்டதுதான் என்றார் பூசாரி. அந்த அய்யனார் இரண்டு ஊருக்கும் பொது. அவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்பது தெய்வ நிந்தனை. துபாயிலிருந்து வந்தவர் வாங்கிக் கொடுத்த புது பேட் என்றது இளைய தலைமுறை. புது பேட்டைப் பிடித்தவன் முதல் பந்திலேயே போல்டு. கேப்டனுக்குக் கல்யாணமான ராசி என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இதில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது: கடைசி ஓவரை அவனே போடவேண்டாம் என்று சொல்லி அனுப்பியது அந்தப் பெண்தான் என்று கேள்வி.

ஊரார் எட்டாத மூலச்சான்று ஒன்று உண்டு. அது ஸ்கோர் எழுதும் நோட்டு. அதைப் புரட்டியதில் தோற்ற ஆட்டம் எதிலும் பதினோரு பெயர் முழுசாக இல்லை. எட்டாவது ஒன்பதாவது வரை பெயர் இருக்கும். பிறகு "தம்பி", "இன்னொரு தம்பி", ஓரிடத்தில் "பச்சைச் சட்டை". கிரிக்கெட்டின் 42 விதிகளில் முதல் விதியே அணிக்குப் பதினொருவர் என்கிறது. வெயிலையும் காற்றையும் அலசிய நாங்கள் முதல் விதிக்கு வந்து சேரவே இல்லை. ஆட வேண்டியவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனியிலும், ஒரகடம் ஷிப்டிலும், சிங்கப்பூர் கட்டட வேலையிலும் இருந்தார்கள். இந்தப் பொங்கலுக்கு எப்படியோ பதினோரு பேருக்கும் ஒரே நாளில் லீவு வாய்த்திருக்கிறது. நோட்டில் ஒரு தம்பியும் இல்லை.

எதிர்ச்சான்றும் உண்டு. அன்று மத்தியானமே நடந்த இரண்டாம் ரவுண்டில் படுதோல்வி. மூன்று பேர் திருப்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்; தம்பிகள் மறுபடி களமிறங்கினார்கள். டீக்கடையில் இதற்குச் சொல்லப்படும் காரணம், வெயில்.

ஆகவே திருப்பூர், ஒரகடம் முதலாளிமார் சமூகத்துக்கு ஊர் சார்பில் ஒரு விண்ணப்பம். அடுத்த பொங்கலுக்குப் பதினோரு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கொடுங்கள். ஒருநாள் கூடுதலாகக் கொடுத்தால் இரண்டாம் ரவுண்டையும் பார்த்துக்கொள்கிறோம். பன்னிரண்டாவதாக ஒருவனை அனுப்பினாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அவனை அம்பயராக நிறுத்திக்கொள்வோம்.