குப்பைமேட்டில் ஒரு உத்தியோகம்

கேள்வி: கிரேக்க பாப்பிரஸ் தாள்களைப் படிப்பதிலேயே ஆயுளைக் கழிக்கிறார்களே அறிஞர்கள், அதில் அப்படி என்னதான் கிடைக்கிறது?

பதில்: குப்பை! அதுவும் தங்கமான குப்பை. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் கிரென்ஃபெல்லும் ஹன்ட்டும் 1896-97 குளிர்காலத்தில் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் ஊர்க் குப்பைமேடுகளைத் தோண்டினார்கள். பண்டைய கிரேக்கக் கவிஞர் சாஃபோவின் கவிதையும் வந்தது, வரி ரசீதும் வந்தது. எனக்கு உயிர், தியோன் என்ற பொடியனின் கடிதம்தான். தன்னை விட்டுவிட்டு அலெக்சாந்திரியாவுக்குப் போகும் அப்பாவிடம், கூட்டிப் போகாவிட்டால் சோறு தண்ணி தொடமாட்டேன் என்று ஏகப்பட்ட எழுத்துப் பிழைகளோடு அடம்பிடிக்கிறான். சுமார் 1,800 வருஷக் கோபம், இன்னும் சூடு ஆறவில்லை! கிழிந்ததைப் பொருத்தி, மங்கியதை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்க அசாத்தியப் பொறுமை வேண்டும். இப்படிப் படித்தவற்றைப் பதிப்பித்த முதல் தொகுதி 1898இல் வெளியானது. எண்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்த பிறகும், படிக்காத துண்டுகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன.