பூட்டு ஊரில் ஒரு பிரிண்டர்

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போனது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே பூட்டு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு மிதப்பு. போன மாதம் வைஃபை பிரிண்டர் வாங்கும்வரை அது நீடித்தது.

வாங்க வைத்தது மகளின் பள்ளி. ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒர்க்‌ஷீட் வரும். காலையில் பிரிண்ட் எடுத்துப் போக வேண்டும். அந்நேரத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரியாணிக் கடை திறந்திருக்கும், ஜெராக்ஸ் கடை மூடியிருக்கும்.

பிரிண்டரை ஆன் செய்ததும் தெருவில் உள்ள வைஃபைகளை வரிசையாகக் காட்டியது. மாடி வீடு, எதிர் வீடு, மூன்றாம் வீட்டு டெய்லர், எல்லாம் இருந்தன. இரண்டடி தள்ளி மினுக்கிக்கொண்டிருந்த எங்கள் வைஃபை மட்டும் இல்லை.

அரை நாள் கழித்துத்தான் விளங்கியது. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பாதை. 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 நிதானம், ஆனால் தூரம் போகும். வேகத்துக்கு ஆசைப்பட்டு 2.4ஐ அணைத்து வைத்தவன் நான்தான். வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு அந்த ஒன்றுதான் தெரியும். எல்லா பஸ்ஸையும் பைபாஸில் விட்டுவிட்டேன். பாவம், பிரிண்டர் பஸ் ஸ்டாண்டுக்குள் காத்து நின்றிருக்கிறது.

அடுத்தது பாஸ்வேர்டு. மலைக்கோட்டையின் பெயர், ஒரு அட் குறி, மாவட்டம் பிறந்த 1985. யாராலும் உடைக்க முடியாதது என்று வைத்தேன். விரல் அகலத் திரையில், அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி அமுக்கி ஒவ்வோர் எழுத்தாக ஏற்ற வேண்டும். ‘ஏ’யிலிருந்து ‘எம்’முக்குப் பன்னிரண்டு அமுக்கு. ஓர் எழுத்து தப்பினால் முதலிலிருந்து.

பட்டறையில் பூட்டுச் செய்தே தலை நரைத்த பெரியப்பா, கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூட்டுக்குள்ள தகடு தகடா லீவர் இருக்கும்டா. சாவிப் பல்லு ஒவ்வொண்ணையும் அதது உசரத்துக்குத் தூக்கணும். ஒண்ணு பிசகுனாலும் திறக்காது. நீ எத்தனாவது தகட்டுல இருக்க?”

“ஒம்பதாவது, பெரியப்பா.”

“எங்க மாங்காப் பூட்டே தேவலடா.”

ஏழாம் முறை பூட்டு திறந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். விடியற்காலை கரண்ட் போய் வந்ததும், ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ என்றது லேப்டாப்.

மோடம் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. அது நிரந்தரப் பட்டா அல்ல, வாடகைக் குடித்தனம். கரண்ட் போன நேரத்தில் பிரிண்டர் வீடு மாறிவிட்டது. லேப்டாப் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. மோடத்தின் செட்டிங்கில் போய், இந்த முகவரி பிரிண்டருக்கு மட்டுமே என்று எழுதி வைத்தேன். அத்தோடு அது அலையவில்லை.

“இம்புட்டுப் பாடுபட்டு முதல்ல என்னத்த அடிக்கப் போற?” என்றார் பெரியப்பா.

அதைத்தான் என் மனைவி ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். விருந்தாளிக்கும் வேலைக்காரருக்கும் பாஸ்வேர்டு சொல்லி அவளுக்கு வாய் வலிக்கிறதாம். பெரிய எழுத்தில் அச்சடித்து, ஹாலில் வாசலைப் பார்த்து ஒட்டினோம்.

பெரியப்பா எழுந்து வந்து கண்ணாடியைத் துடைத்துப் படித்தார்.

“ஏழு தடவ முட்டிப் பூட்டைத் திறந்த. இப்பச் சாவிய அதுலயே தொங்கவிட்டுட்டியேடா!”