பீப்பாய் சொல்லும் சேதி

கேள்வி: போர்பன், ஸ்காட்ச், நம்ம ஊர் விஸ்கி: எது சார் ஒசத்தி?
– ஒரு வாசகர், திருத்தணி

பதில்: தானியமே வேறு வேறு. அமெரிக்க போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். ஊறுவது, உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில். அதனால்தான் வெல்லப்பாகும் வனிலாவும் கலந்த அந்த வாசனை. ஒருமுறை ஊறிய பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. அது கப்பலேறி ஸ்காட்லாந்து போகும். முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட் அதற்குள் குறைந்தது மூன்று வருஷம் தூங்கும். அண்ணன் சட்டை தம்பிக்கு!

நம்மூர் மலிவு பாட்டில்களில் பெரும்பாலும் கரும்பாலை மொலாசஸில் வடித்த சாராயம்தான். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க விடமாட்டார்கள். ஆனால் பெங்களூரு அம்ருத், பார்லியில் வடித்த சிங்கிள் மால்ட்டை 2004-ல் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்று ஜெயித்தவர்கள்! ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆவியாவது வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10-க்கும் மேல். 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஆனால் சரக்கு சீக்கிரம் முதிரும். உங்கள் திருத்தணி வெயிலில் வைத்தால் தேவதைகளுக்குக் கல்யாண விருந்துதான்.

என் ஓட்டு அம்ருதுக்கு. சோடா வேண்டாம். சில சொட்டுத் தண்ணீர் விட்டு, முதலில் மூக்கால் குடியுங்கள். பக்கத்திலேயே ஒரு போர்பனையும் வைத்து மாற்றி மாற்றி மோந்தால், சோளத்தின் இனிப்பும் பார்லியின் காரமும் தனித்தனியாகப் பேசும்.

டிசம்பர் 31 இரவு மட்டும் கிளாஸைக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் ஊர் முருகன் கோயிலில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்புகழ் படிபூஜை அன்றைக்குத்தான். 365 படிகளும் பாட்டோடு ஏற வேண்டும், நானும் வருகிறேன்.