ஆவுளியா பாடம்

எழுபதுகளின் பிற்பகுதியில் ராமநாதபுரம் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு நினைவிருக்கும், வாத்தியார் நாலு நாலு பேராகப் பிரித்துவிட்டு குழுவுக்கொரு உயிரினத்தின் பெயரைச் சொல்லி, "விசாரிச்சு எழுதிக்கிட்டு வாங்கடா" என்பார். எங்கே, யாரிடம் விசாரிப்பது என்பதை அவர் சொன்னதில்லை. எங்களுக்கு வந்தது கடற்பசு. எங்களில் ஒருவனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும், ஒருவன் படம் போடுவான், ஒருவன் வீட்டில் அம்மா பணியாரம் சுட்டுத் தருவார், என்னிடம் சைக்கிள் இருந்தது. ஆராய்ச்சிக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் நூலகம். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து, கடல் என்று தொடங்கும் தலைப்புகளில் எல்லாம் இறங்கி ஏறி, தேடி வந்ததை மறந்து, நூலகர் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கிய பிறகு அவசரமாக நாலு வரி குறித்துக்கொண்டு வெளியே வந்த அந்தச் சாயங்காலங்களின் சுகத்தை இன்று யாருக்கும் விளக்க முடிவதில்லை. வழிதவறிப் போய்ப் படித்ததுதான் இன்றுவரை மனதில் நிற்கிறது.

அப்புறம் மண்டபம். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், 1959 முதல் சுமார் 11 ஆண்டுகள் இரண்டு கடற்பசுக்களை வளர்த்தார்கள். நாங்கள் போனபோது அவை இல்லை. அவற்றைப் பார்த்திருந்த பெரியவர் ஒருவர், தினம் கடற்புல் கொண்டுவந்து போட்ட கதையைச் சொன்னபோது நாங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் உண்மையான பாடம் எங்களில் ஒருவனின் அப்பாவிடம் கிடைத்தது. வலைக்காரர். கரையில் எல்லோரையும் போல அவரும் ஆவுளியா என்றுதான் சொன்னார். சில நிமிஷத்துக்கொரு தரம் மூச்சுக்கு மேலே வரும், மேய்ந்த இடத்தில் புல்வெளி நடுவே தடம் தடமாகக் கிடக்கும், "கன்ன விட்டு நகராது தம்பி" என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, மசி தீரும்வரை எழுதினோம். அதே குரலில் அதன் இறைச்சியின் ருசியையும் சொன்னார். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதை வேட்டையாடத் தடை செய்திருந்தது. ஆனாலும் கரையில் அந்த ருசியை அறியாத வயசாளிகள் குறைவு. அந்த விலங்கை அவ்வளவு நெருக்கமாக அறிந்தவர்களே அதைச் சாப்பிட்டவர்களாகவும் இருந்தார்கள் என்பதை அந்த வயதில் எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம்.

இப்போது என் பேத்திக்கும் அதே கடற்பசு வந்து வாய்த்திருக்கிறது. நாலு வீட்டில் நாலு பிள்ளைகள், ஒரு வாட்ஸ்அப் குழு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. மூன்று மீட்டர் நீளம், 400 கிலோ வரை எடை, நாளைக்கு 40 கிலோ வரை கடற்புல், ஏறக்குறைய 70 வருஷ ஆயுள், யானைக்குத் தூரத்துச் சொந்தம். சூல் 13, 14 மாதம், பெறுவது ஒரே கன்று, அடுத்த கன்றுக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம். நாங்கள் மாதக்கணக்கில் அலைந்தும் இதில் பாதி கிடைக்கவில்லை. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததையும் அவள் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். டிரோன் எடுத்த படமொன்றைக் காட்டினாள். வெளிர்பச்சைத் தண்ணீரில் தாயும், அதன் விலாவை ஒட்டிக் கன்றும். அந்த வலைக்காரர் மணலில் விரலால் வரைந்து காட்டியது அப்படியே இருந்தது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அறிவு பெருகப் பெருக விலங்கு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இந்தியக் கடலில் மிஞ்சியவை சில நூறுதான் என்பது மதிப்பீடு. இழுவை மடி புல்வெளியைச் சுரண்டிவிடுகிறது. வலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் இறந்துபோகிறது. இவ்வளவு மெதுவாகக் கன்று ஈனும் உயிர், போன தலையை எப்படி ஈடுகட்டும்? பிள்ளைகளின் ஸ்லைடில் மீனவர் வந்தது ஒரே வரியில்தான்: 'அச்சுறுத்தல் – மீன்பிடி வலை.' அதைப் படித்ததும் மனசு பொறுக்கவில்லை. பாக் விரிகுடாவில் இன்று வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலை போனாலும் போகட்டும் என்று அறுத்துக் கடலில் விடுபவர்கள் அதே மீனவர்கள்தானே. அந்த வலையின் விலை என்னவென்று கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, அதை யார்கிட்ட கேக்கறது?" என்றாள். படம் போடுகிறவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டு, நாலு பிள்ளைகளையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டு பேச வைத்தேன், சாப்பாடு ஆறிப்போயிற்று. பத்து ஸ்லைடுக்கு மேல் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். பதினொன்றாவதை எப்படிச் சேர்ப்பது என்று இப்போது குழுவில் சண்டை நடக்கிறது.